கார்டுக்கு உரியவர் வண்டியில் இல்லை

வேலையில் சேர்ந்த புதிதில் எல்லோரும் கேட்பதைத்தான் நீங்களும் கேட்டீர்கள். ‘மேடம், மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் கார்டைத் தப்பாகப் பயன்படுத்துகிறவரைப் பார்த்தவுடன் எப்படிக் கண்டுபிடிப்பது?’

பார்த்தவுடன் கண்டுபிடிக்க முடியாது. வண்டியிலிருந்து இறங்கி விறுவிறுவென்று போகிறவரின் பேண்ட்டுக்குள் செயற்கைக் கால் இருக்கலாம். இதயம் பலவீனமானவர் கொஞ்ச தூரம் நம்மைப் போலவே நடப்பார், பிறகு மூச்சு வாங்கி நடைபாதையில் உட்கார்ந்துவிடுவார். நடையை வைத்து ஒருவரைப் போலி என்று சொல்லாதீர்கள். விசாரியுங்கள், வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கண்டுபிடிப்பதற்கு அதற்கு மேல் எந்த வித்தையும் எனக்குத் தெரியாது.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். தப்பு நடந்திருக்கிறது என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது, இனி என்ன செய்வது? அந்த இடத்தில்தான் உங்களுக்கு வியர்க்கும். ஏழுமலை ஐயாவின் கதையைச் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்றுச் செங்கல்பட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போதும் காலையில் மாமல்லபுரம் பஸ்ஸின் ஹாரன் கேட்டால் கை தானாகப் பையைத் தேடுகிறது. அப்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள வாகன நிறுத்தத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு கார் நிற்கிற இடத்தை ஒதுக்கி, மஞ்சள் கோடு போட்டு, சக்கர நாற்காலிப் படம் வரைந்து வைத்திருந்தார்கள். கார்டு வைத்திருப்பவர்கள் மட்டும் அங்கே நிறுத்தலாம். விடுமுறை நாளில் அந்த ஊருக்குப் போனவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் வண்டியை எங்கோ விட்டுவிட்டு வெயிலில் நடந்து வர வேண்டும். அந்தக் கார்டுகளைச் சரிபார்ப்பது என் வேலைகளில் ஒன்று.

புகார் கொடுத்தது நிவேதா என்ற பெண். கரூர்க்காரி. நாவலூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை, கேளம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருந்தாள். சின்ன வயதில் நடந்த விபத்தில் கால் பாதிக்கப்பட்டு, காலில் கட்டும் காலிபர் பட்டையும் ஊன்றுகோலுமாக நடப்பவள். கையாலேயே பிரேக் பிடிக்கும்படி மாற்றிய காரை அவளே ஓட்டுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடலைப் பார்க்க வருவது அவள் வழக்கம். வரும்போதெல்லாம் ஒரே வெள்ளைக் கார் கோட்டுக்குள் நின்றுகொண்டிருக்கும். கண்ணாடியில் கார்டு இருக்கும். ஆனால் அதிலிருந்து ஒரு மாற்றுத்திறனாளி இறங்கி அவள் பார்த்ததில்லை. கடைசியாக வந்த ஞாயிறு, வேறு வழியில்லாமல் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்தபோது ஜல்லியில் ஊன்றுகோல் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

கையில் மாவுக்கட்டோடு செங்கல்பட்டு ஆபீசில் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீர் கொடுத்து, “வலிக்குதாம்மா?” என்றேன்.

“எரக்கப்படாதீங்க மேடம். எனக்கு எடம் வேணுங்க, அவ்வளவுதான். அதுக்குத்தானே கோடு போட்டு வெச்சிருக்கீங்க?” என்றாள்.

அடுத்த ஞாயிறு காலை நான் போனேன். வெள்ளைக் கார் வந்தது. இறங்கியது முப்பதைத் தாண்டிய ஒரு ஆள், பெயர் தணிகா. காரின் பின்பக்கத்திலிருந்து மூட்டைகளை எடுத்துக்கொண்டு போய்த் தன் கடையைத் திறந்தான். தொப்பி, கூலிங் கிளாஸ், ஊதுகிற பந்து, பிளாஸ்டிக் வாளி விற்கும் கடை. கார்டு அவன் அப்பா ஏழுமலையின் பெயரில் இருந்தது. சர்க்கரை வியாதியில் ஒரு கால் எடுக்கப்பட்டவர்.

கடைக்குப் போய் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, “அப்பா எங்கே தம்பி?” என்று கேட்டேன்.

“எறக்கி வுட்டுட்டேன் மேடம். அதோ, கோயிலாண்ட காத்து வாங்கினுகீறாரு.”

“நான் போய்ப் பார்க்கலாமா?”

“இந்தக் கூட்டத்துல எங்க தேடுவீங்க? இருங்க, போன்ல குடுக்கறேன்.”

எண்ணை அழுத்தி, “அப்பா, ஆபீஸ்லேர்ந்து மேடம் வந்துகீறாங்க. நீ கடலாண்டதான கீற?” என்று கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினான்.

“ஆமா மேடம்,” என்றது ஒரு கனத்த குரல். “இங்கதான் கீறேன். கடலாண்ட. நல்ல காத்து.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் குக்கர் விசில் அடித்தது.

தணிகாவுக்கும் கேட்டிருக்கும். தொப்பிகளை அடுக்குவது போலத் திரும்பிக்கொண்டான். நான், “சரிங்க ஐயா, உடம்பைப் பார்த்துக்கங்க,” என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அங்கேயே பிடித்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். கடையில் வாடிக்கையாளர்கள் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் பிடித்தால் அவன் கத்துவான், நானும் கத்துவேன், அந்தக் கனத்த குரல் ஏன் பொய் சொன்னது என்பது கடைசி வரை தெரியாமலே போயிருக்கும்.

ஆனால் அதற்குள் விஷயம் என் கையை மீறிவிட்டது. நிவேதா விழுந்த அன்று ஆத்திரத்தில் எடுத்துப் போட்ட காரின் படம் ஆயிரம் போன்களுக்குப் போய்விட்டது. யாரோ கடையையும் கண்டுபிடித்துவிட்டார்கள். ‘நொண்டிக் கார்டுத் திருடன்’ என்று கடை வாசலில் நின்று வீடியோ எடுத்துப் போட்டார்கள். அந்த வார்த்தையைப் பார்த்து நிவேதாவே எனக்குப் போன் செய்து, “இப்படியெல்லாம் எழுதச் சொல்லலீங்க மேடம்,” என்றாள்.

திங்கட்கிழமை காலை என் மேலதிகாரி கூப்பிட்டார். “மேல வரைக்கும் கேக்கறாங்கம்மா. சாயங்காலத்துக்குள்ள கார்டை ரத்து பண்ணி, போட்டோவோட போட்டுடுவோம். வேலை முடிஞ்சிடும்.”

“கார்டு பையன் பேர்ல இல்ல சார், அப்பா பேர்ல. அவரை நான் இன்னும் பார்க்கல.”

“போன்ல பேசினீங்கன்னு சொன்னீங்களே?”

“பேசினேன் சார். அதனாலதான் பார்க்கணும்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மேலே இருந்து அவசரப்படுத்தும்போது உங்களுக்கும் ஒன்று தோன்றும்: சீக்கிரம் முடித்துவிட்டால் நல்ல பெயர். யாருடைய பெயரில் கார்டு இருக்கிறதோ அவர் முகத்தைப் பார்க்காமல் மட்டும் முடிக்காதீர்கள்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி அவர்கள் வீடு. மருமகள் கதவைத் திறந்தாள். கதவுக்குப் பின்னால் ஒரு சக்கர நாற்காலி மடித்து வைத்திருந்தது. அதன் மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஏழுமலை ஐயா ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அகன்ற தோள், நரைத்த முறுக்கு மீசை. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தனியார் பஸ் ஓட்டியவர் என்று அவரே சொன்னார்.

“வாராவாரம் கடலுக்குப் போறீங்களா ஐயா?”

“வாராவாரம் மேடம். பையன் இட்டுகினு போவான்.”

“எந்த வழியா?”

நான் கேட்டது அவ்வளவுதான். அவர் முகமே மாறிவிட்டது.

“இங்கேர்ந்து போய் மெயின் ரோட்ட புடிச்சா, ரெண்டு பக்கமும் புளியமரம் மேடம். குகைக்குள்ள போற மாறி இருக்கும். வெயிலே தெரியாது. அதுல ஒரு மரம் ரோட்டு மேல சாஞ்சிகினு நிக்கும், பஸ்ஸு கூரைல ஒரசும், அதாண்ட மட்டும் கொஞ்சம் ஒதுங்கணும். மரம் முடியற எடத்துல கால்வா பாலம். பாலத்து மேல ஏறினீங்கன்னா உப்புக்காத்து மூஞ்சில அடிக்கும் பாருங்க…”

பேசப் பேச அவர் வலது கை, அங்கே இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது. இடது கை கியர் மாற்றியது. இருக்கிற ஒரு கால் தரையை மெல்ல அழுத்தியது.

முந்தின நாள் காலை அதே சாலையில்தான் நான் மாமல்லபுரத்துக்கு பஸ்ஸில் போயிருந்தேன். பாலம் வரைக்கும் ஒரே வெயில்.

“ஐயா,” என்றேன், “அந்த மரங்களை வெட்டிட்டாங்களே. ரோட்டை அகலப்படுத்தினப்பவே.”

அவர் கை அப்படியே நின்றது.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“அந்தச் சாஞ்ச மரம்?”

“அதுவும் இல்ல ஐயா.”

பொய் பிடிபட்டுவிட்டது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. மருமகள் பக்கம் திரும்பி, “இன்னாமா, எங்கிட்ட சொல்லவே இல்லியே?” என்றார். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, “உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் மாமா,” என்றாள். அவருக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரிக்கென்று வெளியே போனாலும் மேற்கே செங்கல்பட்டுக்குத்தான். கால் போன பிறகு கிழக்கே அவர் போகவே இல்லை.

பிறகு அவருக்கு நான் யார் என்பது ஞாபகம் வந்தது போல் முகம் சுருங்கிற்று.

“பையன ஒண்ணும் பண்ணிடாதீங்க மேடம். கடைய வெச்சிகினு அல்லாடறான். கார்டு எம்பேர்லதான கீது? நாந்தான் எங்கியும் போறதில்லியே, சும்மா கெடக்கறத அவன் வெச்சிக்கட்டுமேன்னு நாந்தான் சொன்னேன்.”

“அது சும்மா கிடக்கிறது இல்லீங்க ஐயா. அங்கே இடம் கிடைக்காம ஒரு பொண்ணு விழுந்து கையை உடைச்சுக்கிட்டா.”

அது அவருக்குத் தெரியாது. தணிகா சொல்லியிருக்கவில்லை. அவர் மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். நான், “உங்களுக்குப் போகணும்னே தோணலையா?” என்று கேட்டேன்.

“ஒண்ணு சொன்னா சிரிப்பீங்க. அந்தக் கடற்கரை ரோட்ல வருசக்கணக்கா பஸ் ஓட்டுனேன். கடல ஒழுங்கா பாத்ததே இல்ல. பாசஞ்சருங்க பாப்பாங்க, ‘அதோ அதோ’ன்னு கத்துவாங்க, பசங்க எழுந்து நிக்கும். நா பாக்க முடியுமா? அத்தினி உசுரு பின்னால கீது, கண்ணு ரோட்லதான் இருக்கணும். நெம்மேலி தாண்டறப்ப எடதுபக்கம் நீலமா ஒண்ணு கூடவே வரும், அவ்ளோதான். ரிட்டயர் ஆனதும் போய் ஒக்காந்து ஒருநாள் முழுக்கப் பாக்கணும்னு நெனச்சேன். அதுக்குள்ள காலு பூட்ச்சி.”

“பையன்கிட்ட கேட்டீங்களா?”

“கால் எடுத்த புதுசுல அவனே கூப்ட்டான் மேடம். நாந்தான் வரலன்னேன். தெரிஞ்சவன் எவனாச்சும் பாப்பான்னு வெக்கம். ரெண்டு மூணு வாட்டி கூப்ட்டான், அப்பறம் வுட்டுட்டான். இப்ப போய் எப்பிடி கேக்கறது? தூக்கணும், எறக்கணும், பேஜாரு.”

மருமகள் என்னை வாசல் வரைக்கும் கொண்டு விட்டாள். “கார் கெளம்பற சத்தம் கேட்டா போதும் மேடம், தெரு முனை தாண்டற வரைக்கும் பாத்துகினே இருப்பாரு,” என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் நான் எழுத வேண்டியதை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். ‘கார்டுக்கு உரியவர் வண்டியில் பயணம் செய்வதில்லை. கார்டு தவறாகப் பயன்படுத்தப்படுகிறது. ரத்து செய்யலாம்.’ ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனால் அப்படியே எழுதினால் அவர் கடலைப் பார்க்காமலே இருந்துவிடுவார், அரசாங்க முத்திரையோடு. எழுதாமல் விட்டாலோ நிவேதாவின் முறிந்த கைக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

ஆபீசுக்குப் போய் மேலதிகாரியிடம் நேர்விசாரணைக்கு அனுமதி கேட்டேன். கார்டுக்கு உரியவர், அந்தக் காரில், அந்த நிறுத்தத்துக்கே வர வேண்டும். ஆளையும் வண்டியையும் இடத்தையும் ஒன்றாகப் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும் என்று காரணம் சொன்னேன். அது பொய்யான காரணம் இல்லை. முழுக் காரணமும் இல்லை. அவர் சலித்துக்கொண்டே, “ஒரே ஒரு நாள். அதுக்கு மேல என்னால தாங்க முடியாது,” என்றார்.

மறுநாள் காலை, கூட்டமில்லாத வாரநாள். நிவேதா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கைக்கட்டோடு அவளால் கார் ஓட்ட முடியவில்லை. தயாராகத்தான் வந்திருந்தாள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வெள்ளைக் கார் வந்து கோட்டுக்குள் நின்றது. முன்சீட்டில் சலவை வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாக ஏழுமலை ஐயா. தணிகா இறங்கி என்னிடம் வந்து முணுமுணுத்தான்.

“வழி முழுக்க உசுர எடுத்துட்டாரு மேடம். ‘கியர மாத்துடா, ஹாரன் அட்றா, வளவுல ஏன்டா இவ்ளோ ஸ்பீடு’ன்னு. அந்த மரம் வெட்டின எடம் வந்ததும் கப்சிப்னு ஆயிட்டாரு.”

கார்க் கதவைத் திறந்து வைத்து அங்கேயே விசாரணை நடந்தது. நான் முதல் கேள்வியைக் கேட்பதற்குள் அவர் நிவேதாவைப் பார்த்துவிட்டார். ஊன்றுகோலையும் கட்டையும் பார்த்தார்.

“நீதானாம்மா வுழுந்தது?”

“ஆமாங்க.”

“நா இங்க வந்ததே இல்லமா. போன்ல மேடங்கிட்ட பொய் சொன்னேன். எம்பேரச் சொல்லி எம்புள்ள நிறுத்துனான். அந்த எடம் காலியாத்தான் இருந்திருக்கணும், நீ வந்து நிறுத்தியிருக்கணும்.” கண்ணாடியிலிருந்த கார்டை அவரே எட்டி எடுத்து என்னிடம் நீட்டினார். “வாங்கிக்கங்க மேடம்.”

தணிகா, “அப்பா, நீ ஏம்ப்பா…” என்று குறுக்கே வந்தான். “டேய், சும்மா இர்றா. வண்டிய இடிச்சா எறங்கி நின்னு பேசணும்னு நா உனக்குச் சொல்லித்தர்ல?” என்றார். தணிகா தலையைக் குனிந்துகொண்டான். பிறகு நிவேதாவிடம், “தப்புதாம்மா. ஆஸ்பத்திரி செலவு நா குடுக்கறேன்,” என்றான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். கொண்டுவந்த வார்த்தைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல் நின்றாள்.

நான் கார்டை வாங்கிக்கொண்டேன். நிரந்தரமாக ரத்து செய்யவில்லை. சுற்றுலா சீசன் முடியும்வரை முடக்கி வைப்பதென்றும், அதன்பின் அவர் வண்டியில் இருந்தால் மட்டுமே செல்லும் என்ற நிபந்தனையோடு திரும்பக் கொடுப்பதென்றும் சொன்னேன். “சீசன் முடியறதுக்குள்ள நா இருப்பனோ என்னமோ,” என்றார் சிரித்துக்கொண்டே. அது என்னைக் குத்தியது. ஆனாலும் மாற்றவில்லை. இரக்கம் வந்தவுடன் எதிரே நிற்கிற இன்னொருவரின் வலி நமக்குச் சின்னதாகிவிடும். அந்தப் பெண்ணின் கை அங்கே என் கண் முன்னால் இருந்தது, அதனால் தப்பித்தேன்.

தணிகா கார்க் கதவைச் சாத்தி, வீட்டுக்குக் கிளம்பத் தயாரானான். அந்த இடத்திலிருந்து கடல் தெரியாது, சவுக்கு மரங்களுக்குப் பின்னாலிருந்து சத்தம் மட்டும் வரும். ஏழுமலை ஐயா அந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்து கேட்கவில்லை.

நான்தான் சொன்னேன். “தம்பி, கார்டு இல்லாதவங்க கடலைப் பார்க்கக் கூடாதுன்னு எந்த விதியிலும் இல்லை.”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். “போலாமாப்பா?” என்றான். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். தணிகா காரைக் கோட்டுக்கு வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, பின்பக்கம் போய்ச் சக்கர நாற்காலியை இறக்கினான்.

“அந்தப் பக்கம் போகாதீங்க, ஒரே கல்லுங்க,” என்றாள் நிவேதா. “இப்படிச் சுத்திப் போனா சரிவுப் பாதை இருக்குது. வாங்க, காட்டறேன்.” கட்டில்லாத கையில் ஊன்றுகோலோடு அவள் முன்னால் நடந்தாள். தணிகா தள்ளிக்கொண்டு பின்னால் போனான்.

எனக்கும் போக ஆசை. ஆனால் மேலதிகாரி மூன்றாவது முறையாகப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், மதியத்துக்குள் உத்தரவு அவர் மேஜைக்கு வேண்டும். செங்கல்பட்டு பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறிவிட்டேன். அவர் கடலைப் பார்த்த முதல் நிமிஷத்தில் நான் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து உத்தரவை எழுதிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச காலம் கழித்து, கை சரியான பிறகு, ஒரு ஞாயிறு நிவேதா கூப்பிட்டாள். “மேடம், கோட்டுக்குள்ளதாங்க நிறுத்தியிருக்கேன். அந்தப் பெரியவரை அவங்க பையன் தூரத்துல இருந்து தள்ளிட்டு வர்றாருங்க. வர்ற வழியெல்லாம் ரெண்டு பேருக்கும் சண்டை. ‘பள்ளத்துல வுடாதடா, ஓரமா போடா’ன்னு கத்தறாருங்க. பாத்தா சிரிப்பா இருக்குது.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு, “எங்கப்பாவை ஒரு தடவை கூட்டிட்டு வரணுங்க,” என்றாள்.

சீசன் முடிந்தது. கார்டைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு உரியவரிடம் நேரில் கொடுக்க வேண்டும். அவர் வீட்டுக்குப் போனேன். “மாமா வூட்ல இல்லியே மேடம்,” என்றாள் மருமகள். “காலைலயே கடலாண்ட போய்ட்டாங்க.”

சரிபார்க்கப் போன இடத்தில் ஆள் இல்லையென்றால் நமக்கெல்லாம் எரிச்சல் வரும். அன்று எனக்கு வரவில்லை. மாமல்லபுரம் பஸ் பிடித்தேன்.

சரிவுப் பாதை முடிகிற இடத்தில், மணலுக்கு முன்னால் சக்கர நாற்காலி நின்றது. தணிகா கடைக்குப் போயிருந்தான். ஏழுமலை ஐயா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் இல்லை, கியர் இல்லை. நான் பக்கத்தில் போய் நின்று கார்டையும் பேனாவையும் நீட்டினேன்.

“ஐயா, ஒரு கையெழுத்து.”

அவர் திரும்பவில்லை.

“போடறேன் மேடம். கொஞ்சம் இருங்க. இன்னும் பாத்து முடிக்கல.”

எனக்குத் திரும்ப வேண்டிய பஸ் இருந்தது. அது போனால் அடுத்தது எப்போது என்று தெரியாது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தேன்.